திறப்பு விழாவுக்கு மறுநாள்

2018 மார்ச் 25, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் அன்று அதிகாலை குவான்டாஸ் நிறுவனத்தின் போயிங் 787 ஒன்று தரையிறங்கியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் முந்தைய நாள் மாலை கிளம்பி, நடுவில் எங்கும் நிற்காமல், ஏறத்தாழ 14,500 கிலோமீட்டரை 17 மணி நேரத்தில் கடந்து வந்த விமானம் அது. ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையில் இப்படி ஒரே மூச்சில் பறக்கும் வழக்கமான பயணிகள் சேவை அதுவரை இருந்ததில்லை. அதே நாளில் சேலத்தை அடுத்த காமலாபுரத்திலும் ஒரு விமானம் வந்து இறங்கியது. ட்ரூஜெட் நிறுவனத்தின் ஏடிஆர் 72. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறிகள், 70 பேர் உட்காரும் அளவு, சென்னையிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணம். அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அந்தச் சேவையைத் தொடங்கிவைத்தார்.

உலகப் பத்திரிகைகளுக்கு லண்டன் விமானம்தான் செய்தி. சேலம், நாமக்கல் மக்களுக்கோ காமலாபுரத்தில் இறங்கியதுதான் செய்தி. அதற்குக் காரணம் இருக்கிறது. 1993-இல் திறக்கப்பட்ட விமான நிலையம் இது. என்இபிசி நிறுவனம் அப்போது பறந்து பார்த்தது, சேவை நிலைக்கவில்லை. 2009-இல் கிங்ஃபிஷர் வந்தது. அதுவும் இரண்டு மூன்று ஆண்டுகளைத் தாண்டவில்லை. நடுவில் ஆண்டுக்கணக்கில் ஓடுபாதை இருந்தது, முனையக் கட்டடம் இருந்தது, காவலுக்கு ஆட்கள் இருந்தார்கள். ஏறிப்போக விமானம் இல்லை. பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓமலூரைக் கடந்து போகும்போதெல்லாம் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட ஒரு தலைமுறையே இந்த வட்டாரத்தில் உண்டு.

2018-ஆம் ஆண்டின் உலக விமானப் போக்குவரத்தை முழுதாகத் திரும்பிப் பார்க்கும்போது ஓர் உண்மை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அந்த ஆண்டு உயிர்களைக் காப்பாற்றியதும் அன்றாட வேலையைச் சரியாகச் செய்த கைகள்தான். உயிர்களைப் பறித்ததும் அன்றாட வேலையில் நேர்ந்த தவறுகள்தான். சிறிய ஊர்களின் விமான சேவையும் அதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். முதல் விமானத்துக்கு நாடா வெட்டுவதில் நம் அரசுகளுக்கு இருக்கும் ஆர்வம், ஆயிரமாவது விமானம் நேரத்துக்குக் கிளம்புகிறதா என்று பார்ப்பதில் இருந்திருந்தால், சேலம் மூன்று முறை விமானத்தைப் பெற்று மூன்று முறையும் இழந்திருக்காது.

முதலில் உலகத்தைப் பார்ப்போம்.

2017 விமான வரலாற்றிலேயே மிகப் பாதுகாப்பான ஆண்டு என்று பாராட்டப்பட்டது. பயணிகள் ஜெட் விமான விபத்தில் அந்த ஆண்டு ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்த மகிழ்ச்சி 2018 பிப்ரவரி 11 வரைதான் நீடித்தது. அன்று மாஸ்கோவிலிருந்து ஓர்ஸ்க் நகருக்குக் கிளம்பிய சரடோவ் ஏர்லைன்ஸ் விமானம் சில நிமிடங்களில் பனிவயலில் விழுந்து நொறுங்கியது. இருந்த 71 பேரும் இறந்தார்கள். விமானத்தின் வேகத்தை அளக்க மூக்குப் பகுதியில் சிறு குழாய்கள் இருக்கும். குளிரில் அவற்றில் பனிக்கட்டி அடைத்துவிடாமல் இருக்கச் சூடேற்றும் கருவி உண்டு. கிளம்புவதற்கு முன் அதன் சுவிட்சைப் போட வேண்டும் என்பது சரிபார்ப்புப் பட்டியலில் உள்ள ஒரு வரி. அன்று அந்தச் சுவிட்ச் போடப்படவில்லை. குழாய் உறைந்தது, வேகமானி பொய் சொன்னது, அதை நம்பிய விமானிகள் விமானத்தின் மூக்கைக் கீழே திருப்பினார்கள்.

அடுத்த வாரமே ஈரானின் ஜாக்ரோஸ் மலைத்தொடரில் ஓர் ஏடிஆர் 72 மோதி 66 பேர் இறந்தார்கள். மார்ச் 12 அன்று காத்மாண்டுவில் வங்கதேசத்தின் யூஎஸ்-பங்களா விமானம் ஓடுபாதையை விட்டு விலகி விழுந்து 51 பேர் இறந்தார்கள். மே 18 அன்று ஹவானாவில் 112 பேர். ஒவ்வொன்றின் காரணமும் வேறு. ஆனால் புயலோ மின்னலோ மட்டுமே கொண்டுபோன விமானம் என்று இவற்றில் எதையும் சொல்ல முடியாது. எங்கோ ஒரு மனிதர் செய்யாமல் விட்டதோ, கவனிக்காமல் விட்டதோ ஒவ்வொன்றிலும் உண்டு.

இந்தியாவுக்கும் அந்த ஆண்டு எச்சரிக்கைகள் வந்தன. செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்குக் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் விமானத்தில் 166 பயணிகள் இருந்தார்கள். மேலே ஏற ஏறப் பலருக்குக் காது வலித்தது. சிலருக்கு மூக்கிலிருந்தும் காதிலிருந்தும் ரத்தம் வழிந்தது. பிராணவாயு முகமூடிகள் தலைக்கு மேலிருந்து இறங்கின. விமானத்துக்குள் காற்றழுத்தத்தைப் பராமரிக்கும் சுவிட்சை விமானிகள் போட மறந்திருந்தார்கள். விமானம் மும்பைக்கே திரும்பியது; எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். மாஸ்கோவில் ஒரு சுவிட்ச், மும்பையில் ஒரு சுவிட்ச். முன்னதில் 71 உயிர் போனது. பின்னதில் முப்பது பேர் அளவில் ரத்தம் சிந்தியதோடு நின்றது.

அடுத்தது நமக்கு மிக அருகில் நடந்தது. நாமக்கல், மோகனூர், பரமத்தி வேலூர் பக்கத்து மக்களுக்கு வெளிநாட்டுப் பயணம் என்றால் திருச்சி விமான நிலையம்தான். அக்டோபர் 12 அதிகாலை 1.20 மணிக்கு அங்கிருந்து துபாய்க்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 கிளம்பியது. 130 பயணிகள், 6 ஊழியர்கள். ஓடுபாதையில் வேகமெடுக்கும் நேரத்தில் தலைமை விமானியின் இருக்கையின் முதுகுப் பகுதி திடீரெனப் பின்னால் சாய்ந்தது. என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலின் மேல் இருந்த அவரது கையும் அதோடு பின்னே வந்தது. விசை குறைந்துவிட்டது, இருவருமே அதைக் கவனிக்கவில்லை. தேவையான உயரம் கிடைக்காத விமானம் ஓடுபாதை முடிவில் இருந்த ஆன்டெனாக்களையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு மேலே போனது.

உள்ளே இருந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. கருவிகள் எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டின. துபாய் நோக்கிப் போய்க்கொண்டிருந்த விமானம் பின்னர் மும்பைக்குத் திருப்பப்பட்டு, கிளம்பி நான்கு மணி நேரத்துக்கும் மேல் கழித்து விடியற்காலையில் பத்திரமாக இறங்கியது. அடிவயிற்றில் நீளமான கிழிசல். வளைகுடாவில் வேலைக்குப் போகிறவர்களும், பிள்ளைகளைப் பார்க்கப் போகிற அப்பா அம்மாக்களும் ஏறும் வழக்கமான விமானம் அது. ஓர் இருக்கையின் சாய்வைப் பிடித்து நிறுத்தும் சிறு பொறி அத்தனை பேரின் உயிரோடு விளையாடியது.

அதே இரவில், அந்த நேரத்தில், சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கை அடுத்த நெவார்க் நகரை நோக்கி இன்னொரு விமானம் வானத்தில் இருந்தது. ஏறத்தாழ 18 மணி நேரம் நிற்காமல் பறந்து உலகின் மிக நீண்ட பயணிகள் சேவை என்ற பெயரைப் பெற்ற ஏர்பஸ் ஏ350 அது. மறுநாள் பெரிய தலைப்புச் செய்தி ஆனது. நீளமான பயணத்துக்குத் தரப்படும் கவனம் திருச்சியின் பராமரிப்புக் கொட்டகையில் இருக்கும் தொழில்நுட்பப் பணியாளருக்கும் தரப்பட வேண்டும் என்பதை அந்த ஓர் இரவு சொல்லிவிட்டது.

ஆண்டின் மிகப் பெரிய துயரம் அக்டோபர் 29 அன்று வந்தது. ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர் நிறுவனத்தின் போயிங் 737 மேக்ஸ் 13 நிமிடங்களில் ஜாவா கடலில் விழுந்தது. 189 பேர் இறந்தார்கள். விமானத்தை ஓட்டியவர் டெல்லியைச் சேர்ந்த பவ்யே சுனேஜா. விமானத்தின் மூக்கு அளவுக்கு மீறி உயர்கிறது என்று ஒரே ஓர் உணர்கருவி தவறாகச் சொன்னால்கூட, மூக்கைத் தானாகவே கீழே தள்ளும் மென்பொருள் அதில் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதை விமானிகளுக்கான கையேட்டில் போயிங் சொல்லவே இல்லை. உணர்கருவியோ சரியாக அளவு திருத்தப்படாமல் பொருத்தப்பட்டிருந்தது.

இதில் மனத்தைப் பிசைவது அதற்கு முந்தைய நாள். பாலியிலிருந்து ஜகார்த்தாவுக்கு அதே விமானம் வந்தபோது அதே கோளாறு வந்தது. விமானிகள் சமாளித்து, மின்விசையைத் துண்டித்து, கையால் திருகி விமானத்தைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆனால் நடந்தது என்ன என்பது முழுமையாகப் பதிவேட்டில் எழுதப்படவில்லை. காலையில் விமானத்தைக் கையில் வாங்கியவர்களுக்கு முந்தைய இரவின் ஆபத்து தெரியாமலே போனது. அடுத்த ஆண்டு மார்ச்சில் எத்தியோப்பியாவில் இன்னொரு 737 மேக்ஸ் விழுந்து, மொத்தம் 346 உயிர்கள் போன பிறகுதான் உலகம் முழுவதும் அந்த ரகம் தரையில் நிறுத்தப்பட்டது. இந்தியாவில் ஜெட் ஏர்வேஸும் ஸ்பைஸ்ஜெட்டும் அந்த ரக விமானங்களை 2018-இல்தான் வாங்கிப் பறக்கவிடத் தொடங்கியிருந்தன என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அன்றாட ஒழுங்கு உயிர்களைக் காப்பாற்றியதும் அதே ஆண்டில்தான். ஜூலை 31 அன்று மெக்சிகோவின் துராங்கோ நகரில் ஆலங்கட்டி மழைக்கு நடுவே கிளம்பிய ஏரோமெக்சிகோ விமானம் சில நொடிகளில் கீழே விழுந்து தீப்பிடித்தது. உள்ளே இருந்த 103 பேரும் தீ முழுதாகச் சூழ்வதற்குள் வெளியேறிவிட்டார்கள். ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் விமானத்தின் என்ஜின் நடுவானில் வெடித்துச் சன்னலை உடைத்தது. ஒரு பயணி இறந்தார். ஆனால் தலைமை விமானி டாமி ஜோ ஷல்ட்ஸ் மற்ற அனைவரையும் ஃபிலடெல்பியாவில் பத்திரமாக இறக்கினார். இரண்டிலும் வீரம் உண்டு. அந்த வீரத்துக்குப் பின்னால் வருடா வருடம் திரும்பத் திரும்பச் செய்த பயிற்சியும் உண்டு.

ஆகஸ்ட் மாதத்தில் நம் பக்கத்து மாநிலத்திலிருந்து வந்த பாடம் சேலத்துக்கு நேரடியாகப் பொருந்தும். கேரளப் பெருவெள்ளத்தில் கொச்சி விமான நிலையம் ஆகஸ்ட் 15 முதல் 29 வரை மூடப்பட்டது. பெரிய விமானங்களுக்கு வழியில்லை. அப்போது கொச்சி நகருக்குள் இருக்கும் கடற்படையின் ஐஎன்எஸ் கருடா தளம் திறந்துவிடப்பட்டது. ஆகஸ்ட் 20 முதல் அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் ஏடிஆர் விமானங்கள் பெங்களூரிலிருந்து அங்கே வந்து இறங்கின. சிறிய ஓடுபாதையும் சிறிய விமானமும் ஒரு மாநிலத்தின் நெருக்கடியில் கதவைத் திறந்து வைத்தன. ஏடிஆர் என்றால் ஏதோ இரண்டாம் தரம் என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

ஏடிஆரில் முதல்முறை ஏறுகிறவர்களுக்கு எல்லாமே சற்று வித்தியாசமாக இருக்கும். பின்பக்கக் கதவு வழியாக நாலைந்து படிகளில் ஏற வேண்டும். முன்பக்கம் மூட்டை முடிச்சுகளுக்கு. இறக்கை உடலுக்கு மேலே இருப்பதால் எந்தச் சன்னலிலிருந்து பார்த்தாலும் தரை மறையாது. காமலாபுரத்தை நெருங்கும்போது சேர்வராயன் மலையின் மடிப்புகளும், மரவள்ளிக் காடுகளும், தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஓட்டு வீடுகளும் ஒவ்வொன்றாகப் பெரிதாகிக்கொண்டே வரும். ஜெட் விமானத்தைவிட எரிபொருள் குறைவு. 1,400 மீட்டருக்குள் கிளம்பிவிடும். காமலாபுரத்தில் இருப்பதோ 1,806 மீட்டர் ஓடுபாதை. இந்த வட்டாரத்துக்கென்றே செய்த விமானம் என்று சொல்லிவிடலாம்.

அந்தப் பொருத்தமான விமானம் ஏன் நின்றது?

2018-இல் வந்த சேவை மத்திய அரசின் உடான் திட்டத்தின்கீழ் வந்தது. சாமானியரும் பறக்க வேண்டும் என்று 2016-இல் அறிவித்து, 2017 ஏப்ரலில் சிம்லா–டெல்லி விமானத்தோடு தொடங்கிய திட்டம். விமானத்தின் பாதி இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு இருந்தது; தொடக்கத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் அளவு. அதனால் வரும் இழப்பை ஈடுகட்ட நிறுவனத்துக்கு மூன்று ஆண்டுகள் மானியம். பெரிய வழித்தடங்களில் பறக்கும் விமானங்களிடம் தீர்வை வசூலித்தும், மாநில அரசிடம் ஒரு பங்கு பெற்றும் அந்த மானியம் தரப்படுகிறது. நல்ல திட்டம்தான். அதன் பலவீனம் அந்த மூன்று ஆண்டில் இருக்கிறது.

சேலம்–சென்னை ட்ரூஜெட் விமானம் முற்பகலில் சென்னையிலிருந்து வந்து, கொஞ்ச நேரத்தில் திரும்பிப் போனது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரி ஒருவர் அதில் ஏறினால் சென்னையில் இறங்கும்போது மதியம் ஆகிவிடும். வேலையை முடித்தாலும் அன்றே விமானத்தில் திரும்ப வழியில்லை. இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் படுத்துத் தூங்கினால் விடிகாலை சென்னை. மறுநாள் இரவே கிளம்பி வீடு. ரயிலில் போனால் ஒரு நாளில் முடிகிற வேலைக்கு விமானத்தில் இரண்டு நாள் செலவானது. இருந்தும் மக்கள் ஏறினார்கள். மருத்துவத்துக்குப் போனவர்கள், வெளிநாட்டு விமானத்தைப் பிடிக்கப் போனவர்கள், ஒரு தடவையாவது விமானத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்ட பெரியவர்கள். கொரோனா ஊரடங்கில் சேவை நின்றது, பிறகு தொடங்கியது, 2021-இல் முற்றாக நின்றது. அடுத்த ஆண்டு ட்ரூஜெட் நிறுவனமே பறப்பதை நிறுத்திக்கொண்டது.

இது சேலத்தின் தனிக்கதை இல்லை. உடான் திட்டத்தைப் பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-இல் தந்த அறிக்கையில் உள்ள எண்களை ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினரும் படிக்க வேண்டும். ஒதுக்கப்பட்ட வழித்தடங்கள் 774. அவற்றில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-இல் மூன்று ஆண்டு மானியக் காலத்தை முழுதாக முடித்தவை 112. மானியம் முடிந்த பிறகும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை 54 மட்டுமே. நூற்றுக்கு ஏழு. நெய்வேலியும் இதே திட்டத்தில் முதல் சுற்றிலேயே பெயர் பெற்று ஆண்டுக்கணக்கில் விமானத்துக்குக் காத்திருந்த ஊர்தான்.

2018 செப்டம்பர் 24 அன்று சிக்கிம் மாநிலத்தின் பாக்யோங்கில் மலையைச் செதுக்கி அமைத்த விமான நிலையத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். நாட்டின் நூறாவது விமான நிலையம் என்று அறிவிக்கப்பட்டது. 550 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. அக்டோபரில் விமானம் வந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் நின்றுபோனது. மேகமும் மூடுபனியும் சூழும் அந்த மலைமேட்டில் விமானத்துக்கு வழிகாட்டும் கருவி வசதிகள் போதவில்லை. திறப்பு விழாவின் அவசரத்தில் தினசரி இயக்கத்துக்குத் தேவையானவை பின்தங்கிவிட்டன.

உலகில் இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. அமெரிக்கா 1978-இல் விமான நிறுவனங்களுக்கு எங்கே வேண்டுமானாலும் பறக்கச் சுதந்திரம் கொடுத்தபோது, சிறு ஊர்கள் கைவிடப்படும் என்பதை முன்கூட்டியே உணர்ந்தது. அத்தியாவசிய விமான சேவை என்ற பெயரில் அந்த ஊர்களுக்கு மானியத்தோடு சேவையை உறுதிசெய்தது. நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் அது தொடர்கிறது. நார்வேயில் 800 மீட்டர் நீளமே உள்ள ஓடுபாதைகளில் விடரோ நிறுவனம் சிறு விமானங்களை ஓட்டுகிறது. எந்த ஊருக்கு நாளுக்கு எத்தனை முறை, எந்த நேரத்தில், எத்தனை இருக்கை என்பதையெல்லாம் அரசு ஒப்பந்தத்தில் எழுதி, அதற்குப் பணம் தருகிறது. நம் அரசுப் பேருந்து நட்டத்தில் ஓடினாலும் மலைக்கிராமத்துக்குப் போய்வருவதைப் போலத்தான் அதுவும். போக்குவரத்தை மக்களின் உரிமையாகக் கருதும் பார்வை. மூன்று ஆண்டுகளுக்குள் சொந்தக் காலில் நின்றுவிட வேண்டும் என்று ஒரு வழித்தடத்தைக் கேட்பது, இந்த அனுபவங்களோடு ஒட்டவில்லை.

2023 அக்டோபரில் சேலத்துக்கு மீண்டும் விமானம் வந்தது. கொச்சி வெள்ளத்தில் கைகொடுத்த அதே அலையன்ஸ் ஏர், பெங்களூரு–சேலம்–கொச்சி வழித்தடத்தில் வந்தது. அதே மாத இறுதியில் இண்டிகோ சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் நகரங்களை இணைத்தது. இந்த முறை சூழ்நிலையும் மாறியிருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் கோவை–சென்னை வந்தே பாரத் ரயில் சேலத்தில் நின்று போகிறது. ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சென்னை. காமலாபுரத்துக்கு 20 கிலோமீட்டர் போய், சோதனைக்கு நின்று, ஒரு மணி நேரம் பறந்து, மீனம்பாக்கத்திலிருந்து நகருக்குள் போகிறவருக்குக் கிடைக்கும் நேர மிச்சம் மிகக் குறைவு. நேரம் சரியாக அமைந்தால் மட்டுமே சென்னை விமானம் ரயிலோடு போட்டி போட முடியும்.

ஆனால் இந்தச் சமவெளியின் தேவை சென்னையோடு முடிவதில்லை. திருச்செங்கோட்டின் போர்வெல் வண்டிகள் சத்தீஸ்கரிலும் மகாராஷ்டிரத்திலும் ராஜஸ்தானிலும் துளை போடுகின்றன. அங்கே ஒரு கம்ப்ரசர் நின்றுவிட்டால் உரிமையாளரோ மெக்கானிக்கோ உதிரிபாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் பணம். நாமக்கல் லாரிகள் நாடெங்கும் ஓடுகின்றன. நாமக்கல் முட்டை வளைகுடா வரை போகிறது. சேலத்து ஜவ்வரிசியும் கொலுசும் வடமாநிலச் சந்தைகளை நம்பியிருக்கின்றன. இளம்பிள்ளை சேலையை வாங்க ஊர் ஊராக வியாபாரிகள் வருகிறார்கள். இவர்களுக்கு வேண்டியது ஹைதராபாத்திலோ பெங்களூரிலோ அடுத்த விமானத்தைத் தவறவிடாமல் மாறிப்போகும் வசதி. நாமக்கல்லிலிருந்து காமலாபுரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர்; பெங்களூரு விமான நிலையம் இரவெல்லாம் கார் ஓட்டிப் போக வேண்டிய தூரம். அந்த இரவுப் பயணங்களில் தொப்பூர் கணவாய் எத்தனை உயிர்களை வாங்கியிருக்கிறது என்பது இந்தப் பக்கத்து வீடுகளுக்குத் தெரியும்.

இனி நிலத்தின் விஷயத்துக்கு வருவோம். விமானம் வந்த அதே 2018-இல், விமான நிலையத்தை விரிவாக்க காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி ஆகிய ஊர்களில் ஏறத்தாழ 570 ஏக்கர் எடுக்கும் வேலை தொடங்கியது. ஓடுபாதையை 6,000 அடியிலிருந்து 8,000 அடியாக நீட்டிப் பெரிய ஜெட் விமானங்களை இறக்குவது நோக்கம். சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கு நிலம் அளந்துகொண்டிருந்த நேரமும் அதுவே. ஒரே மாவட்டத்தில் இரண்டு பக்கமும் கல் நட்டார்கள். விவசாயிகள் எதிர்த்தார்கள். அந்த ஜூன் மாதத்தில் அவர்களுக்காகப் பேசிய நடிகர் மன்சூர் அலிகானும் சூழலியலாளர் பியூஷ் மானுஷும் கைதானார்கள். எட்டுவழிச் சாலைக்கான நிலமெடுப்பைச் சென்னை உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் அதை மாற்றித் தீர்ப்பளித்தது. விமான நிலைய நிலத்தின் மேல் தொங்கும் நிச்சயமின்மையோ காமலாபுரத்து மக்களை ஆண்டுக்கணக்கில் வாட்டியது. கிணறு வெட்டலாமா, வீடு கட்டலாமா, பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய நிலத்தின் மேல் கடன் வாங்கலாமா என்று தெரியாமல் வாழ்வது நிலம் போவதற்கு முன்பே வரும் இழப்பு.

பெரிய ஓடுபாதை இருந்தால் விமானம் தானே வரும் என்பது வாதம். 2018 டிசம்பர் 9 அன்று திறக்கப்பட்ட கண்ணூர் விமான நிலையத்தைப் பார்த்தால் அந்த வாதம் நிற்கவில்லை. 3,050 மீட்டர் ஓடுபாதை. வளைகுடாவில் வேலை பார்க்கும் குடும்பங்கள் நிறைந்த மாவட்டம். இருந்தும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அங்கே இறங்க அனுமதி கிடைக்கவில்லை. 2023-இல் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் முடங்கியபோது கண்ணூரின் சேவையும் பலமாக அடிவாங்கியது. நீளமான ஓடுபாதை மட்டும் விமானத்தைக் கொண்டுவராது. அனுமதி, மானியம், நேரம், பயணிகளின் நம்பிக்கை எல்லாம் சேர்ந்துதான் கொண்டுவரும்.

சேலத்திலும் அந்த நம்பிக்கைதான் முதலில் உடைந்தது. மூன்று முறை நின்றுபோன சேவையை நம்பி யாரும் மூன்று மாதம் முன்பே டிக்கெட் எடுக்க மாட்டார்கள். டிக்கெட் எடுக்காவிட்டால் நிறுவனம் நிற்காது. இந்தச் சுழலை உடைக்க அரசால் மட்டுமே முடியும். வியாபாரியாலும் முடியாது, விமான நிறுவனத்தாலும் முடியாது.

செய்ய வேண்டியவை கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. இப்போதுள்ள ஓடுபாதையில் ஏடிஆர் விமானங்கள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இயங்க வேண்டும். இருட்டிய பிறகும் இறங்குவதற்கான விளக்குகளும் கருவிகளும் அதற்கு அடிப்படை. காலையில் சேலத்திலிருந்து கிளம்புகிறவர் அன்றிரவே வீட்டுக்கு வரும்படி அட்டவணை இருக்க வேண்டும். மானிய ஒப்பந்தத்தில் நேரம், எண்ணிக்கை, ரத்தாகும் விகிதம் எல்லாவற்றையும் எழுதி, அவற்றைக் கடைப்பிடித்தால் மூன்று ஆண்டுக்குப் பிறகும் குறைந்த அளவில் மானியத்தைத் தொடர வேண்டும். மாதந்தோறும் எத்தனை விமானம் வந்தது, எத்தனை தாமதமானது, எத்தனை இருக்கை நிரம்பியது என்ற கணக்கை மாவட்ட நிர்வாகம் தமிழில் வெளியிட வேண்டும். சேலம், நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் பேருந்து நிலையங்களிலிருந்து விமான நேரத்துக்கு ஏற்றபடி பேருந்து விடுவது மாநில அரசால் அடுத்த மாதமே முடியக்கூடிய காரியம்.

இந்தச் சேவை இரண்டு மூன்று ஆண்டுகள் தடையின்றி ஓடி, இருக்கைகள் நிரம்பி, ஏடிஆர் போதவில்லை என்ற நிலை கணக்கில் தெரியும்போது விரிவாக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். அப்போதும் எவ்வளவு நிலம் உண்மையில் தேவை என்பதைச் சிக்கனம்பட்டியிலும் தும்பிப்பாடியிலும் கிராம சபைகளில் வரைபடத்தை விரித்துவைத்துச் சொல்ல வேண்டும். எந்தச் சர்வே எண் போகும், எது போகாது என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். போகாத நிலத்தின் மேல் இருக்கும் தடையை அன்றே நீக்க வேண்டும். கமிஷன் மண்டியில் பூவையும் காய்கறியையும் போட்டுவிட்டுத் திரும்பும் விவசாயிக்கும், கம்ப்ரசர் பாகத்தோடு ராய்ப்பூர் போக வேண்டிய மெக்கானிக்குக்கும் இந்த விமான நிலையம் பொதுச் சொத்து. அடுத்த பருவத்துக்கான விமான அட்டவணை தயாராகும்போது இந்த இருவரின் குரலும் அந்த மேசையில் கேட்க, சேலத்தின் மக்களவை உறுப்பினரும் நாமக்கல்லின் மக்களவை உறுப்பினரும் கட்சி பார்க்காமல் சேர்ந்து விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கதவைத் தட்ட வேண்டும்.